அரசுப் பணத்தில் நடந்த ஆய்வைப் படிக்க நான் ஏன் டாலர் கட்ட வேண்டும்?

மணவாளக்குறிச்சி வாசகர், 6 செப்டம்பர் 2025

எங்கள் ஊர்க் கடற்கரை மணலில் இயற்கையாகவே கதிர்வீச்சு அதிகம் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். கேரளாவில் கருநாகப்பள்ளியிலும் இதே மாதிரி மணல்தான். அங்கே வருடக்கணக்கில் ஆட்களைப் பின்தொடர்ந்து, புற்றுநோய் கூடுகிறதா என்று பார்த்த ஆய்வு இருப்பதாகச் சொன்னார்கள். தேடிப் பிடித்தேன். சுருக்கம் மட்டும் தெரிகிறது. முழுசாகப் படிக்கப் பணம் கட்டு என்கிறது, அதுவும் டாலரில். இந்த மாதிரி ஆராய்ச்சியெல்லாம் மக்கள் வரிப்பணத்தில் நடப்பதுதானே? அப்படியானால் மக்களுக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா, இல்லையா? நூலகர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

6 செப்டம்பர், இரவு

தம்பி, நான் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். நேராகச் சொல்லிவிடுகிறேன். நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் கிடையாது. கொள்கை இருக்கிறது.

மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் (நாங்கள் டிஎஸ்டி, டிபிடி என்போம்) சேர்ந்து 2014 டிசம்பரில் வெளியிட்டார்கள். 2012-13 நிதியாண்டிலிருந்து இந்த இரண்டு துறைகளின் பணம் முழுசாகவோ கொஞ்சமாகவோ ஓர் ஆய்வில் இருந்தால், அதிலிருந்து வரும் பேப்பரை எழுதியவரே ஒரு பொது ரெபாசிட்டரியில், அதாவது யாரும் காசில்லாமல் படிக்கக்கூடிய இணையக் களஞ்சியத்தில், போட வேண்டும். ஜர்னல் அச்சடித்த அழகான பிடிஎஃப் அல்ல. ஜர்னல் ஏற்றுக்கொண்ட கடைசிப் பிரதி, அதாவது ஆசிரியர் கையில் இருக்கும் ஃபைல். பதிப்பகம் கொஞ்ச காலம் பூட்டி வைக்கச் சொன்னால் வைக்கலாம், ஆனால் அது ஒரு வருடத்தைத் தாண்டக் கூடாது.

நீங்கள் கேட்ட பேப்பர் வந்தது 2009-இல். கொள்கையின் தேதிக்கு முன்னாலேயே வந்துவிட்டது. ஆகவே அந்தப் பேப்பரை வைத்து யாரையும் கேள்வி கேட்க முடியாது.

7 செப்டம்பர்

நேற்று எழுதியது பாதிதான். அந்தப் பேப்பர் இல்லாமலும் நிறையத் தெரிந்துகொள்ள வழியுண்டு.

சுருக்கத்தை அமெரிக்க மருத்துவ நூலகத்தின் பப்மெட் தளத்தில் காசில்லாமல் படிக்கலாம். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் நடத்திய ஆய்வு. 69,958 பேரை சராசரியாக பத்தரை வருடம் பின்தொடர்ந்திருக்கிறார்கள். 2005 கடைசி வரை 1,379 பேருக்குப் புற்றுநோய். கதிர்வீச்சு கூடிய இடங்களில் புற்றுநோய் கூடுதலாக இல்லை என்பது அவர்கள் முடிவு.

இந்த முடிவு தெரிந்தால் போதாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்குப் போதாது. வீட்டுக்குள் அளந்தார்களா வெளியில் அளந்தார்களா, கடலுக்குப் போகிறவர்களை எப்படிக் கணக்கில் எடுத்தார்கள், புகைபிடிப்பதைக் கழித்தார்களா, ஊரைவிட்டுப் போனவர்கள் என்ன ஆனார்கள் என்பதெல்லாம் உள்ளே அட்டவணைகளில்தான் இருக்கும். கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் கடற்கரை மணல் எடுக்கும் திட்டம் வந்தபோது எங்கள் பக்கத்தில் யார் வாயைத் திறந்தாலும் "ஆராய்ச்சியில சொல்லியிருக்கான்" என்றுதான் ஆரம்பித்தார்கள். ஆதரித்தவர்களும் சொன்னார்கள், எதிர்த்தவர்களும் சொன்னார்கள். அந்த ஆராய்ச்சியை முழுசாகப் படித்த ஒருவரை நான் பார்க்கவில்லை. படிக்க முடியாத இடத்தில் வைத்துவிட்டு, படிக்காமல் பேசுகிறார்கள் என்று ஊர்க்காரர்களைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

இன்னொரு வழி. வியன்னாவில் இருக்கும் பன்னாட்டு அணுசக்தி முகமை 1970 முதல் ஐனிஸ் என்று ஒரு ஆவணக் களஞ்சியம் நடத்துகிறது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பழைய அறிக்கைகள் நிறைய அதில் முழுசாகவே கிடைக்கும், காசு கேட்காது. மணவாளக்குறிச்சி, மோனசைட் (நம் மணலில் கதிர்வீச்சுக்குக் காரணமான கனிமம்) என்று ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். ஊர்ப்பெயரின் ஸ்பெல்லிங் ஒவ்வொரு அறிக்கையிலும் ஒரு மாதிரி இருக்கும், மாற்றி மாற்றித் தேட வேண்டும்.

9 செப்டம்பர்

"அக்கா, எதுக்கு இவ்வளவு கஷ்டம், சை-ஹப்ல எடுத்துட்டுப் போகலாமே" என்று ஒருவர். பூட்டிய பேப்பர்களைப் பதிப்பகத்தின் அனுமதி இல்லாமல் இலவசமாகத் தரும் தளம் அது. எல்சவியர், வைலி, அமெரிக்க கெமிக்கல் சொசைட்டி மூன்றும் சேர்ந்து 2020 டிசம்பரில் டெல்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, 2025 ஆகஸ்டில் அந்தத் தளத்தை முடக்க உத்தரவு வந்தாகிவிட்டது. அது ஒருபுறம் இருக்கட்டும். திருட்டு வழி திறந்திருக்கும் வரைக்கும் நேர்வழியைத் திறக்கச் சொல்லி யாரும் கேட்க மாட்டார்கள். பதினான்கு வருடமாக நடந்தது அதுதான். ஆய்வாளர்களுக்கே குறுக்கு வழி தெரிந்திருந்ததால், தங்கள் பேப்பர் பூட்டிக் கிடப்பது அவர்களுக்கு உறைக்கவே இல்லை.

9 செப்டம்பர், கொஞ்ச நேரம் கழித்து

நேர்வழிகளையும் சொல்லிவிடுகிறேன். கூகுள் ஸ்காலரில் பேப்பர் தலைப்புக்குக் கீழே, மற்ற பதிப்புகள் இத்தனை என்று சின்னதாக ஒரு இணைப்பு வரும். அதை அழுத்தினால் சில சமயம் ஆசிரியரின் பல்கலைக்கழகப் பக்கத்தில் இருக்கும் பிரதி கிடைக்கும். அன்பேவால் என்ற நீட்சியை பிரவுசரில் போட்டு வைத்தால், சட்டப்படி இலவசமாக எங்காவது பிரதி இருந்தால் பச்சைப் பூட்டுக் காட்டும். இரண்டும் கைவிட்டால் ஆசிரியருக்கு மெயில் போடுங்கள். மூன்று வரி போதும். மிகப் பெரிய ஆட்கள்கூட சந்தோஷமாக அனுப்பி வைத்திருக்கிறார்கள். தான் எழுதியதை ஒருவர் கேட்டு வாங்கிப் படிக்கிறார் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

13 செப்டம்பர்

குலசேகரத்திலிருந்து ரப்பர் தோட்டக்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார். "மேடம், மீன் பத்தின ஆராய்ச்சியெல்லாம் என் மச்சான் போன்லயே எடுத்துப் படிக்கிறான். ரப்பர்ல இலை உதிர்றதுக்கு ஒரு பேப்பர் தேடினா பூட்டிக் கெடக்கு. மீனுக்கு ஒரு நியாயம் ரப்பருக்கு ஒரு நியாயமா?"

அருமையான கேள்வி. நம் மாவட்டத்தை வைத்தே இதை விளக்கலாம்.

மீன் ஆராய்ச்சி செய்யும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கொச்சியில் இருக்கிறது, நமக்குப் பக்கத்தில் விழிஞ்ஞத்தில் அதன் மண்டல மையம். அது இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் வருகிறது. வேளாண் கழகம் 2013-லேயே, டிஎஸ்டிக்கு முன்னாலேயே, திறந்த அணுக்கக் கொள்கை (ஆய்வை எல்லோரும் இலவசமாகப் படிக்கத் திறந்து வைக்கும் கொள்கை) கொண்டுவந்துவிட்டது. அதைவிட முக்கியம், அந்த மீன்வள நிலையத்தின் நூலகக்காரர்கள் சொந்தமாக ஒரு ரெபாசிட்டரி கட்டி, பல பத்தாண்டுப் பழைய கட்டுரைகளைக்கூட ஸ்கேன் பண்ணி ஏற்றி வைத்திருக்கிறார்கள். குளச்சல், முட்டம் என்று தேடினால் கட்டுமர காலத்து மீன்பிடிப்பு பற்றி எழுதியதெல்லாம் வரும். மங்கலான அச்சு, ஓரத்தில் ஸ்கேனர் நிழல், ஆனால் படிக்கலாம். நான் மனசாரக் கும்பிடும் வேலை அது.

தென்னையும் அதே வேளாண் கழகம்தான், காசர்கோட்டில் இருக்கும் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம். வாழைக்குத் திருச்சி. மட்டி வாழைக்குப் புவிசார் குறியீடு வாங்கிய மாவட்டம் நம்முடையது என்பதால் திருச்சிப் பேப்பர்களை இங்கே நிறையப் பேர் தேடுகிறார்கள்.

ரப்பருக்கு வாங்க. ரப்பர் வாரியம் வேளாண் அமைச்சகத்தில் இல்லை, வணிக அமைச்சகத்தில் இருக்கிறது. வேளாண் கழகத்தின் விதி அங்கே செல்லாது. டிஎஸ்டி விதி, அந்த ஆய்வில் டிஎஸ்டி பணம் இருந்தால் மட்டும் செல்லும். மணல் அணுசக்தித் துறை. முப்பந்தல் காற்றாலை பற்றிய ஆய்வென்றால் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம். ஆரல்வாய்மொழியிலிருந்து கொல்லங்கோடு வரை ஒரு பஸ்ஸில் போனால் வழியில் பார்ப்பது ஒவ்வொன்றுக்கும் டெல்லியில் ஒவ்வொரு அமைச்சகம். எந்த அமைச்சகம் பணம் கொடுத்தது என்பதைப் பொறுத்துத்தான் நமக்குப் படிக்கக் கிடைப்பதும் கிடைக்காததும். வரி கட்டும்போது இந்தப் பிரிவினை இல்லை. எல்லாம் ஒரே கஜானாவுக்குத்தான் போகிறது.

எனக்கு இதில் சந்தேகமே இல்லை: எல்லா அமைச்சகத்துக்கும் ஒரே விதி வேண்டும்.

14 செப்டம்பர்

கீழே ஒருவர், டாலர் விலையை ரூபாயில் மாற்றி, அந்தக் காசுக்கு எத்தனை மட்டிக்குலை கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். மூன்று குலை தாராளமாக வரும் என்கிறார். சிரித்துவிட்டேன். வடசேரிச் சந்தை விலையா, தோட்டத்து விலையா என்று அடுத்தவர் சண்டைக்கு வந்ததுதான் இன்னும் நன்றாக இருந்தது.

20 செப்டம்பர்

"ரெபாசிட்டரியில் போடுவது" என்று நான் சுலபமாகச் சொல்லிக்கொண்டே போகிறேன். நடைமுறையில் என்ன ஆகிறது என்று ஒரு பேராசிரியை கேட்டார். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் கல்லூரியில் சின்னதாக ஒரு ரெபாசிட்டரி தொடங்க முனைந்தபோது ஒவ்வொரு துறையாகப் போய்க் கேட்டேன். எல்லோரும் உற்சாகமாக ஜர்னலின் பிடிஎஃபைத்தான் அனுப்பினார்கள். மேலே பதிப்பகத்தின் சின்னம், கீழே காப்புரிமை வரி. அதை ஏற்ற முடியாது. "சார், இது வேண்டாம். அக்செப்ட் ஆனப்ப நீங்க கடைசியா அனுப்பின வேர்டு ஃபைல் வேணும்" என்பேன். முகத்தில் ஒரு குழப்பம் வரும். அதை யார் வைத்திருக்கிறார்கள்?

விலங்கியல் துறையில் மூத்தவர் ஒருவர், மணக்குடிக் காயல் நண்டுகள் பற்றி எழுதியவர். ஃபைலை எந்தக் கம்ப்யூட்டரில் வைத்தார் என்றே அவருக்கு நினைவில்லை. அவருடைய மெயிலில் உட்கார்ந்து இருவரும் தேடினோம். "ரிவைஸ்டு", "ரிவைஸ்டு ஃபைனல்", "ஃபைனல் ஃபைனல்" என்று ஒன்றின்மேல் ஒன்று. கடைசியில் ஜர்னல் ஆசிரியரின் ஏற்பு மெயிலுக்கு முந்தைய மெயிலில் கிடைத்தது. திறந்தால், வரிக்கு வரி இரட்டை இடைவெளி, இடது ஓரத்தில் வரி எண்கள், நடுவில் "அட்டவணை ஒன்று இங்கே வரும்" என்று அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பு, அட்டவணையெல்லாம் கடைசிப் பக்கங்களில். நண்டுப் படங்கள் தனி ஃபைல். அவருக்குக் கூச்சமாகப் போய்விட்டது. "இதையா வெளியே போடப் போறீங்க? பார்க்க அசிங்கமா இருக்கே" என்றார். சார், அறிவியல் அத்தனையும் இதிலேயே இருக்கு, ஜர்னல்காரன் போட்டது சட்டைதான் என்றேன்.

அடுத்த பயம், கேஸ். "கையெழுத்துப் போட்டு உரிமையை எழுதிக் கொடுத்தாச்சே, பிடிச்சு உள்ள போட்டா?" அந்த ஒப்பந்தப் படிவத்தை எடுத்து உட்கார்ந்து வாசித்தோம். சின்ன எழுத்தில் மூன்றாம் பக்கத்தில், ஏற்றுக்கொள்ளப்பட்ட பிரதியைத் தன் நிறுவனத்தின் ரெபாசிட்டரியில் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு வைக்க ஆசிரியருக்கு அனுமதி உண்டு என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். பெரிய பதிப்பகங்களில் பெரும்பாலும் இப்படி ஓர் அனுமதி இருக்கிறது. கையெழுத்துப் போட்டவர்கள் வாசிப்பதில்லை.

வரி எண்களை எடுத்து, அட்டவணைகளை அதனதன் இடத்தில் வைத்து, முதல் பக்கத்தில் "இது ஏற்றுக்கொள்ளப்பட்ட பிரதி, அச்சுப் பதிப்பு இன்ன ஜர்னலில்" என்று குறிப்புப் போட்டு பிடிஎஃப் ஆக்க ஒரு மத்தியானம் போதும். கூடுதலாக ஒரு ரூபாய் செலவில்லை. லட்சக்கணக்கில் கட்டணம் கட்டி "ஓப்பன் ஆக்சஸ்" வாங்க வேண்டும் என்று நம் இளம் ஆய்வாளர்களைப் பயமுறுத்துகிறார்களே, அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

28 செப்டம்பர்

சென்னையில் ஒரு மத்திய ஆய்வகத்தில் இருப்பவர் எழுதியிருப்பது: "ஒரே நாடு ஒரே சந்தா வந்தாச்சு. இந்தப் பேச்செல்லாம் பழசு."

பழசு இல்லை, சார். பொறுமையாக எழுதுகிறேன்.

அரசே பதிப்பகங்களுக்கு மொத்தமாகச் சந்தா கட்டி, நிறுவனங்களுக்கு ஜர்னல்களைத் திறந்துவிடும் திட்டம் அது. 2024 நவம்பர் 25-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2025, 2026, 2027 மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்கள், கிட்டத்தட்ட 13,000 ஜர்னல்கள், 6,300-க்கு மேற்பட்ட நிறுவனங்கள். காந்திநகரில் இருக்கும் இன்ஃப்ளிப்நெட் என்ற பல்கலைக்கழக நூலக வலையமைப்பு மையம் வழியாக 2025 ஜனவரியிலிருந்து நடக்கிறது. இந்த நிறுவனங்கள் யார்? மத்திய, மாநில அரசுகள் நிர்வகிக்கும் உயர்கல்வி நிறுவனங்கள், மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்கள்.

இப்போது நம் மாவட்டத்துக்கு வாருங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மாதிரி அரசு நடத்தும் இடங்கள் வட்டத்துக்குள். சுங்கான்கடையிலிருந்து மார்த்தாண்டம் தாண்டி வரை ரோட்டோரம் வரிசையாக நிற்கும் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் வட்டத்துக்கு வெளியே. தக்கலையில் தனியாக கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் வெளியே. மணவாளக்குறிச்சித் தம்பி வெளியே. குலசேகரம் ரப்பர்காரர் வெளியே. பத்திரிகை நிருபர், வக்கீல், பள்ளிக்கூட வாத்தியார், எல்லோரும் வெளியே.

எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. ஐந்தாவது தேசிய அறிவியல் தொழில்நுட்பக் கொள்கையின் வரைவு 2020 கடைசியில் வந்ததே, அதில் இந்தத் திட்டத்தை எப்படி எழுதியிருந்தார்கள் தெரியுமா? ஆய்வாளர்களுக்கு மட்டுமல்ல, நாட்டின் ஒவ்வொரு தனிமனிதருக்கும் ஜர்னல்கள் கிடைக்க வேண்டும் என்று. நான் அதை வாசித்துவிட்டு எங்கள் நூலகத்தில் எல்லோருக்கும் காட்டினேன். நாலு வருடத்தில் ஒவ்வொரு தனிமனிதரும் போய் நிறுவனங்கள் மட்டும் மிஞ்சின.

அப்புறம், சந்தா என்பது மூன்று வருடத்துக்கு வாங்கியது. ரெபாசிட்டரியில் போட்ட பிரதி சந்தா முடிந்தாலும் அங்கேயே இருக்கும். நம் ஆய்வகங்களில் நம் பணத்தில் எழுதியதையும் சேர்த்துத்தான் நாம் அந்த 6,000 கோடிக்குத் திரும்ப வாங்குகிறோம்.

4 அக்டோபர்

மேலே எழுதியது கொஞ்சம் ஒருபக்கமாக இருக்கிறது என்று தோன்றிக்கொண்டே இருந்தது. இன்று தெளிவாகிவிட்டது. என்னிடம் படித்துவிட்டு இப்போது வேறு மாவட்டத்தில் ஒரு அரசுக் கல்லூரியில் வேலை பார்க்கும் பெண் போன் பண்ணினாள். "அக்கா, ஐஐடியில இருக்கவனுக்குத் திறக்கிற அதே பக்கம் இப்ப எனக்கும் திறக்குது. நான் பிஎச்டி பண்ணும்போது இது இருந்திருந்தா ரெண்டு வருஷம் மிச்சம்." அவள் சொல்வது சத்தியம். கிராமத்து அரசுக் கல்லூரிக்கும் பெரிய ஐஐடிக்கும் ஒரே வாசல் என்பது சாதாரண விஷயம் அல்ல. சந்தாவை நான் எதிர்க்கவில்லை. சந்தா வந்துவிட்டதால் பேப்பரை ரெபாசிட்டரியில் போட வேண்டாம் என்று சொல்வதைத்தான் எதிர்க்கிறேன்.

5 அக்டோபர்

ராஜாக்கமங்கலத்தில் நடக்கும் ஆராய்ச்சியும் பூட்டித்தான் கிடக்கிறதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை, பூட்டிக் கிடக்கவில்லை. அங்கே இருப்பது மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் மையம். பிஎச்டி ஆய்வேடுகளை ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் ஏற்ற வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) விதி இருக்கிறது. ஏற்றியிருப்பதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், லாகின் கூடத் தேவையில்லை. அத்தியாயம் அத்தியாயமாகத் தனித்தனி பிடிஎஃப். தலைப்புப் பக்கம், சான்றிதழ், நன்றியுரை என்று முதலில் வரிசையாக வருவதைத் தள்ளிவிட்டு நேராக முடிவுகள் அத்தியாயத்துக்குப் போங்கள். நன்றியுரையையும் விடாமல் படிப்பேன் என்று ஒருவர் எழுதியிருந்தார். நானும்தான். யார் யாரிடம் படகு வாங்கி மாதிரி எடுக்கப் போனார்கள் என்பது அங்கேதான் இருக்கிறது.

யூஜிசி இதைப் பட்டத்தோடு கட்டியது, அதனால் நடக்கிறது. ஆய்வேடு ஏறாமல் பட்டம் வராது என்றால் ஸ்காலர் ஓடிவந்து சிடி கொடுக்கிறார். பேப்பருக்கு அப்படி ஒரு கட்டு இல்லை.

12 அக்டோபர்

அமெரிக்காவில் எப்படி என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள்.

அங்கே தேசிய சுகாதார நிறுவனம், என்ஐஎச், 2005-இல் "முடிந்தால் போடுங்கள்" என்று ஆரம்பித்தது. பெரும்பாலானோர் போடவில்லை. 2007 கடைசியில் நாடாளுமன்றமே நிதிச் சட்டத்தில் எழுதி, 2008 முதல் கட்டாயமாக்கியது, பன்னிரண்டு மாதத்துக்குள் பப்மெட் சென்ட்ரல் என்ற இலவசக் களஞ்சியத்தில் இருக்க வேண்டும் என்று. அப்போதும் நிறையப் பேர் ஏமாற்றினார்கள். 2013-இல் அவர்கள் செய்தது ஒரே ஒரு வேலை. பேப்பர் ஏறவில்லை என்றால் அடுத்த வருட நிதி நிற்கும். அவ்வளவுதான், பேப்பர்கள் ஏறத் தொடங்கின. அதே 2013-இல் வெள்ளை மாளிகை மற்ற பெரிய துறைகளுக்கும் இந்த விதியை விரித்தது. 2022 ஆகஸ்டில், பன்னிரண்டு மாதக் காத்திருப்பே வேண்டாம், வெளிவரும் நாளிலேயே மக்களுக்குத் திறக்க வேண்டும் என்று எல்லாத் துறைகளுக்கும் சொன்னார்கள். என்ஐஎச்-இல் அது 2025 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்துவிட்டது.

பன்னிரண்டு மாதம் என்பது பெரிய விஷயமா என்று கேட்கலாம். வாழைக்காரரிடம் கேளுங்கள். இந்தக் கன்றுக்கு வந்த நோய்க்கான பேப்பர் அடுத்த கன்றுக்குத்தான் கைக்கு வரும்.

நம்முடைய 2014 கொள்கையைப் பக்கத்தில் வைத்து வாசித்தால், எழுத்தில் அது குறைந்தது அல்ல. நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். கேட்பதற்கு ஆள் இல்லை, அதுதான் குறை. ப்ராஜெக்ட் முடிந்ததும் செலவுக் கணக்குச் சான்றிதழ் வரவில்லை என்றால் டெல்லியிலிருந்து நினைவூட்டல் மேல் நினைவூட்டலாக வரும். நானே டைப் அடித்துக் கொடுத்திருக்கிறேன். பேப்பரை ரெபாசிட்டரியில் போட்டாயா என்று ஒரு கடிதம் வந்து நான் பார்த்ததில்லை.

19 அக்டோபர்

இழை எங்கேயோ போய்விட்டது என்று ஒருவர் கோபப்படுகிறார். போகட்டும். இதைச் சொல்லாமல் என்னால் விட முடியாது.

ஒக்கி புயல் வந்தது 2017 நவம்பர் கடைசி. அது எப்படி நம் கரைக்கு இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு வேகமாகப் புயலாகத் திரண்டது என்று பிறகு பல ஆய்வுகள் வந்தன. எங்கள் கல்லூரியில் படித்த ஒரு பையனின் அப்பா, தூத்தூர் பக்கம், ஆழ்கடலுக்குப் போகிறவர். தம்பி முறையில் ஒருவரை ஒக்கியில் பறிகொடுத்தவர். மகனோடு ஒரு நாள் நூலகத்துக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தார். ஒரு பேப்பரின் தலைப்பைப் பையன் எழுதிக் கொடுத்திருந்தான். "இதுல அன்னைக்கு என்ன நடந்ததுன்னு எழுதியிருக்காம். அத எங்களுக்குக் காட்ட முடியாதாமே, ஏன் டீச்சரே?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. காரணம் தெரிய வேண்டும் அவருக்கு, அவ்வளவுதான்.

அந்தப் பேப்பர் எங்களிடமும் இல்லை. ஆசிரியருக்கு மெயில் போட்டு வரவழைத்தேன். அதுவரைக்கும் வானிலைத் துறையின் ஒக்கி அறிக்கையை எடுத்துக் கொடுத்தேன், அது இணையத்தில் எல்லோருக்கும் உண்டு. அந்தத் துறையின் மௌசம் ஜர்னலும் அப்படியே, திறந்துதான் கிடக்கிறது. பையன் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லச் சொல்ல அவர் கேட்டார். வரைபடத்தில் புயல் போன பாதையில் விரலை வைத்து, முப்பதாம் தேதி இந்த இடத்தில் எங்கள் ஆட்கள் இருந்தார்கள் என்று காட்டினார். அறிக்கையில் இருந்த நேரத்துக்கும் அவர் ஆட்கள் காற்று மாறியதைப் பார்த்த நேரத்துக்கும் இருந்த வித்தியாசத்தை அவரே சொன்னார். அதைக் குறித்துக்கொள்ள அங்கே ஒரு விஞ்ஞானி இல்லை.

ஆங்கிலத்தில் இருக்கும் பேப்பரைத் திறந்து வைத்து மீனவருக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு இதுதான் என் பதில். திறந்து வையுங்கள். சொல்லிக் கொடுக்க வீட்டிலேயே பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்த மாவட்டத்தில் படித்த பிள்ளை இல்லாத கடற்கரைத் தெரு எது?

20 அக்டோபர்

ஒவ்வொரு பேப்பரோடும் ஒரு பக்கம் தமிழ்ச் சுருக்கம் கட்டாயம் ஆக்கலாமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆமாம், ஆக்கலாம். நல்ல யோசனை. மீன், பயிர், கடல் அரிப்பு, குடிநீர் பற்றிய ஆய்வுகளுக்காவது. ஆனால் அதைத் தனியாகக் கேட்போம். இரண்டையும் ஒரே மனுவில் போட்டால், சுருக்கம் கொடுத்துவிட்டோமே என்று முழுப் பேப்பரை விட்டுவிடுவார்கள்.

2 நவம்பர்

பேசியது போதும், ஏதாவது செய்யலாம் என்று குலசேகரத்து அண்ணாச்சியும் மணவாளக்குறிச்சித் தம்பியும் சொல்கிறார்கள். சரி. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்போம். மத்தியத் துறைகளுக்கு ஆன்லைனிலேயே போடலாம், பத்து ரூபாய், முப்பது நாளில் பதில் வர வேண்டும்.

பேப்பரைக் கொடு என்று கேட்க வேண்டாம். காப்புரிமை பதிப்பகத்திடம் என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அவர்களுடைய விதி அமலாகிறதா என்று கேட்போம். நான் எழுதிய வரைவு இது:

"2014 டிசம்பரில் தங்கள் துறை வெளியிட்ட திறந்த அணுக்கக் கொள்கையின்படி, கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நிறுவனங்களுக்கு நிதி வழங்கப்பட்டு முடிவடைந்த ஆய்வுத் திட்டங்கள் எவை? அவற்றிலிருந்து வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளில் எத்தனை ரெபாசிட்டரியில் சேர்க்கப்பட்டுள்ளன? சேர்க்கப்படாதவை குறித்துத் துறை அனுப்பிய கடிதங்களின் நகல் தேவை. புதிய நிதி வழங்கும் முன் முந்தைய திட்டத்தின் கட்டுரைகள் சேர்க்கப்பட்டுள்ளனவா என்று சரிபார்க்கும் நடைமுறை இருந்தால் அதற்கான உத்தரவின் நகல் தேவை."

டிஎஸ்டிக்கு ஒன்று, டிபிடிக்கு ஒன்று. தம்பி ஒன்றைப் போடட்டும், இன்னொன்றை நான் போடுகிறேன். கடைசிக் கேள்விக்கு "அப்படி உத்தரவு இல்லை" என்று பதில் வந்தாலும் அதை எழுத்தில் வாங்கிவிடலாம். அண்ணாச்சி, ரப்பர் வாரியத்துக்குத் தனி மனு வேண்டும், இந்தக் கொள்கையை மேற்கோள் காட்டாமல், உங்களிடம் இப்படி ஒரு கொள்கை உண்டா என்று மட்டும் கேளுங்கள். வரைவில் திருத்தம் இருந்தால் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள். வக்கீல் யாராவது வாசித்துப் பார்த்தால் ரொம்ப நல்லது.